ஒரு கரண்டி நார்ப்பொடி

விடிந்ததும் புளிப்பக்கா செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. முந்தின நாள் உறை ஊற்றி மூடிவைத்த பாத்திரங்களில் ஒன்றைத் திறப்பாள். ஆடையை ஒதுக்கி ஒரு கரண்டி தயிர் எடுப்பாள். பின்கதவைத் திறந்து படியில் நின்று, சந்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தின் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிடுவாள். கரண்டியை நக்கி முடித்ததும், "பார்த்துக்கோடா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்பாள். அதன் பிறகுதான் கடைக் கதவு திறக்கும்.

மழை கொட்டினாலும் அந்தக் கரண்டி உண்டு. காய்ச்சலில் நாக்கு கசந்து கிடந்தாலும் உண்டு. சின்ன வயதில் மகள் இதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்திருந்தாள். அந்த 'டா' யாருக்கு என்று விளங்கிய பிறகு, பள்ளிக்குப் போகிற வழியில் அவளும் புகைக்குழாயை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போவாள்.

அந்தச் சமையற்கூடத்தில் புளிப்பக்காவுக்கு முன்னால் வேறு பெயர் இருந்தது. தயிரக்கா. கட்டடத்தின் பின்புறம், துணி வெளுக்கும் அறைக்கும் பாய்லர் அறைக்கும் நடுவில் இருந்தது கூடம். தரை எந்நேரமும் ஈரம். வாசலில் தொங்குகிற ரப்பர் பட்டைகளை முட்டித் தள்ளிக்கொண்டு தட்டு வண்டிகள் வார்டுகளுக்குப் போகும், வரும். பாய்லர் சுவரை ஒட்டிய மூலை அவளுடையது. அந்தச் சுவரின் கதகதப்பில்தான் வார்டுகளுக்கான தயிர் உறையும். காய்ச்சிய பாலை ஆறவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். சுட்டால் பொறுத்திருப்பாள். "சுடச்சுட உறை ஊத்தினா உள்ள இருக்கிறது செத்துப்போயிரும். ரொம்ப ஆறினா எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பச்சைப் புள்ளையைக் குளிப்பாட்டுற சூடு இருக்கணும்" என்பாள்.

நோயாளிகளின் சாப்பாட்டைத் தீர்மானிக்க ஒரு டயட் மேடம் இருந்தார். மேடம் என்று கூப்பிட்டார்களே தவிர, ஆளைப் பார்த்தால் கல்லூரியிலிருந்து நேராக ஓடிவந்த பெண் மாதிரி இருப்பார். வெள்ளைக் கோட்டு தரையில் புரளும். தயிரக்காவின் மூலையில் கவிழ்த்துப் போட்ட பால் கேன்மேல் உட்கார்ந்துதான் அவர் டீ குடிப்பார்.

"அக்கா, இந்த ஆன்ட்டிபயாட்டிக் வயித்துக்குள்ள போனா நல்லது எது கெட்டது எதுன்னு விசாரிச்சுக்கிட்டிருக்காது. கண்ணுல பட்டதையெல்லாம் அடிக்கும். அதான் சீக்கு போனாலும் வயிறு அடங்காம இவங்க படுற பாடு. உங்க தயிர்ல இருக்கிற நல்ல உயிருங்க உள்ள போய்க் கொஞ்சம் கைகொடுக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும்னு சொல்லமாட்டேன். சில பேருக்கு நல்லாவே கொடுக்கும்."

"அப்ப எதுக்கு மேடம் சில தட்டுல சிவப்புச் சீட்டு ஒட்டி, இவங்களுக்குத் தயிர் கிடையாதுங்கிறீங்க?"

"அவங்க உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லக்கா. புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கிட்டிருக்கு. நல்ல உயிரா இருந்தாலும் அந்த நிலைமையில வெளியாள்தான். அதுக்கு அங்க வேலை இல்ல."

தயிரக்காவுக்கு இது சட்டென்று பிடித்துப்போனது. சிவப்புச் சீட்டுத் தட்டு ஒன்றில்கூடத் தயிர் போகாமல் அவளே நின்று பார்த்துக்கொள்வாள்.

கொஞ்ச நாளில் மேடம் இன்னொன்றைக் கொண்டுவந்தார். ஏதோ ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த நார்ப்பொடி. பார்க்க மாவு போல வெள்ளையாக இருந்தது. நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு.

"இது நமக்குச் சீரணமாகாது. நேரா குடலுக்குப் போய், அங்க குடியிருக்கிறதுங்களுக்குச் சாப்பாடாகும். வெங்காயம், பூண்டு, வாழைப்பழத்துலயும் இது இருக்கு."

"அப்ப நான் குடித்தனக்காரங்களை அனுப்புறேன், நீங்க அரிசி பருப்பு அனுப்புறீங்க."

"அதேதான்! ஆனா அளவு முக்கியம். ஆரம்பத்துல தேக்கரண்டியில பாதி. வயிறு பழகப் பழக மெதுவா ஏத்தணும். நிறையத் தண்ணி குடிக்கணும். ஒரேயடியா கொட்டினா எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து விருந்து தின்னுட்டுக் காத்தா விடும்."

"யாரு விடும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார் தலைமைச் சமையல்காரர். கூடத்தில் எல்லோருக்கும் அவர் மாமா.

"முதல்ல அதுங்க விடும். அப்புறம் நாம விடுவோம் மாமா."

அன்றைக்குக் கூடமே சிரித்தது. ரப்பர் பட்டைக்குள் தலையை நீட்டிய கான்ட்ராக்டரும் சிரித்தார்.

அந்தச் சமையற்கூடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் அவர். மடிப்புக் கலையாத சட்டை. விரலில் சுழன்றுகொண்டே இருக்கும் சாவிக்கொத்து. வாய் திறந்தால் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். தயிரக்கா அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அவருடைய மனைவி அண்ணி. அண்ணி எப்போதாவது கூடத்துக்கு வந்தால், "என்ன நாத்தனாரே, எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கியா?" என்று கேட்பாள். குடும்பம் என்ற வார்த்தையை அந்தக் கூடத்தில் நிஜமாகவே நம்பியவர்கள் இந்த இரண்டு பெண்கள் மட்டும்தான் என்று மகளுக்குப் பிற்பாடு தோன்றியது.

டயட் மேடம் தன் கல்யாணத்துக்கு லீவு எடுத்துப் போயிருந்த வாரத்தில் மேலிடத்திலிருந்து பரிசோதனைக்கு ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. கான்ட்ராக்டர் பரபரத்தார். மூலையில் பிரிக்காமல் கிடந்த நார்ப்பொடி டப்பாக்கள் அவர் கண்ணில் பட்டன.

"இத்தனை டப்பாவை வச்சுக்கிட்டு எதுக்கு ஊறுகாய் போடுறீங்க? வர்றவங்க கேட்டா எல்லாத் தட்டுலயும் இருக்குன்னு சொல்லணும். சூப்புல கலந்திடு மாமா. ஆளுக்கு ஒரு கரண்டி."

"மேடம் பாதித் தேக்கரண்டின்னு சொன்னாங்கண்ணே" என்றாள் தயிரக்கா.

"மேடம் மாலை மாத்திக்கிட்டிருக்காங்க. நல்லதுதானே, கொஞ்சம் கூடப் போனா இன்னும் நல்லது. நீ உன் பாலைப் பாரு."

மாமா கலந்தார். சாப்பாடு போனது. பரிசோதனைக்கு வந்தவர்கள் தட்டுகளைப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். மதியம் திரும்புவதற்குள் மாடியில் ஆட்டம் ஆரம்பமானது. முதலில் ஆண்கள் வார்டில் வயிறுகள் பேசின. ஒருவர் வயிறு கேள்வி கேட்க, பக்கத்துப் படுக்கை பதில் சொன்னது. அப்புறம் வலி. அப்புறம் ஓட்டம். ஒரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழிவறைக் கதவைத் தட்டினார்கள். நர்ஸுகள் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கமே நின்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் படிகளில் இறங்கி வந்தார். "என்ன போட்டீங்க?" என்றார்.

சாவிக்கொத்து சுழல்வது நின்றது. கான்ட்ராக்டர் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை பாய்லர் சுவரில் வந்து உட்கார்ந்தது.

"தயிர் சார். உறை கெட்டுப்போச்சு. பல தடவை சொல்லிட்டேன், இந்தம்மா கேட்கிறதில்ல."

தயிரக்காவுக்கு முதலில் அது தன்னைப் பற்றிய பேச்சு என்றே உறைக்கவில்லை. உறைத்ததும் கத்தினாள். "சிவப்புச் சீட்டுத் தட்டுக்கு நான் தயிரே குடுக்கல சார்! அந்த வார்டுலயும்தான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறாங்க. போய்க் கேட்டுப் பாருங்க! சூப்புல என்ன கலந்தாருன்னு மாமாவைக் கேளுங்க!"

மாமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வயதில் அவருக்கு இரண்டு பெண்கள். கண்காணிப்பாளருக்கு ஆராய்ச்சி செய்ய நேரமில்லை. யாரையாவது அனுப்பியாக வேண்டும். தயிர்ப் பாத்திரங்களைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கச் சொன்னார்கள். அவளையே கவிழ்க்கச் சொன்னார்கள். வெள்ளைக் கட்டிகளாக உருண்டுபோய்ச் சாக்கடை வாயை அடைத்துக்கொண்டது தயிர். கையால் தள்ளிவிட்டாள்.

மேடம் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டு, மேலே போய்ப் பேசிப் பார்த்தார். பரிசோதனை அறிக்கை நன்றாக வந்துவிட்ட நேரம். கிளற வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நாளில் மேடமும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

தயிரக்கா என்ற பெயர் போய்ப் புளிப்பக்கா என்ற பெயர் வந்தது அப்படித்தான். வேலை போனதைவிட மோசமானது, கூடவே வந்த கதை. ஒரு ஆஸ்பத்திரியையே கக்கூஸுக்கு அனுப்பியவள். சந்தையில் சொல்லிச் சிரித்தார்கள். மகள் வகுப்புக்குள் நுழைந்தால் பின்பெஞ்சில் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் டப்பாவைத் திறந்தால் பக்கத்திலிருந்தவள் நகர்ந்து உட்கார்வாள். கரும்பலகையில் ஒருநாள் யாரோ ஒரு தயிர்ப் பானையையும் ஓடுகிற மனிதனையும் வரைந்துவைத்திருந்தார்கள். படம் நன்றாகவே இருந்தது. டீச்சர்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அழித்தார். மகள் வீட்டுக்கு வந்து அழவில்லை. "அந்தக் கான்ட்ராக்டர் சாகணும்மா" என்றாள்.

"சாகவெல்லாம் வேணாம்டி" என்றாள் அம்மா, பாத்திரம் தேய்த்துக்கொண்டே. "செத்துட்டா யார் வந்து சொல்லுவா? உயிரோட இருக்கணும். அதே கூடத்துல, அதே ஆளுங்க முன்னாடி, தயிர் இல்ல பொடிதான்னு வாய் திறந்து சொல்லணும். எனக்கு அது போதும்."

சரக்கு லாரியில் ஊர் ஊராகப் போகிற அப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம், "விட்டுத் தொலையேன்" என்பார். "நீங்க போய் உங்க லாரியை விடுங்க" என்பாள். ஒருமுறை மட்டும் அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று கான்ட்ராக்டரை மறித்துக் கேட்டாள். அவர் சாவிக்கொத்தைச் சுழற்றியபடி, "பழைய தயிரை ஏன் கிளறுறே? நாறப்போகுது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்திலேயே தயிர் போட்டு விற்க ஆரம்பித்தாள் புளிப்பக்கா. வேறு தெருவுக்குப் போகலாமே என்றவர்களிடம், "நான் எதுக்குப் போகணும்?" என்றாள். ஆரம்பத்தில் ஈயடித்தது. அப்புறம் நோயாளிகளோடு துணைக்கு இருக்க வந்த வெளியூர்க்காரர்கள், கதை தெரியாதவர்கள், வாங்கினார்கள். சாப்பிட்டார்கள். மறுபடி வந்தார்கள். கதை தெரிந்தவர்களும் நாளாவட்டத்தில் மறந்தார்கள். அவள் மறக்கவில்லை. உறைக்குத் தினமும் புதுப் பால் காட்டுகிற மாதிரி, தன் கோபத்துக்கும் தினமும் எதையாவது ஊற்றி அதைப் புளிக்க வைத்துக்கொண்டே இருந்தாள்.

மகள் கல்லூரிக்குப் போனாள். அந்த வீட்டில் முதல் ஆள். உணவு அறிவியல் படித்தாள். நார்ப்பொடி பற்றிய பாடம் வந்த அன்று வகுப்பில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அளவுக்கு மீறினால் உப்புசம், வலி, பேதி. பாடத்தில் ஒரே வரி. எல்லோரும் குறித்துக்கொண்டு அடுத்த பக்கம் போனார்கள். அன்று ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து யோசித்தாள்: எனக்குள் இருக்கிற இந்த வெறுப்பு என்னுடையதுதானா, இல்லை அம்மா ஊற்றிவிட்ட உறையா? எதுவானாலும் அதைத் தூக்கிக் கொட்ட மனம் வந்திருக்காது.

அவள் கடைசி வருட விடுமுறைக்கு வந்திருந்தபோதுதான் அண்ணி கடைக்கு வந்தாள். முடி நரைத்திருந்தது. தயங்கித் தயங்கிக் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாத்தனாரே, என்னை ஞாபகம் இருக்கா?"

புளிப்பக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "வாங்க அண்ணி. உங்களை எப்படி மறப்பேன்?"

அண்ணிக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. குத்தகை எப்போதோ வேறு ஆளுக்குப் போய்விட்டது. கான்ட்ராக்டருக்கு முழங்காலில் ஆபரேஷன். புண் ஆறாமல் சீழ் பிடித்து, மாத்திரைமேல் மாத்திரை. கால் தேறிவிட்டது, வயிறு போய்விட்டது. ஒருநாள் போகாது, மறுநாள் நிற்காது. டாக்டர் தயிர் சாப்பிடச் சொன்னார், நார்ச்சத்தும் சேர்க்கச் சொன்னார்.

"ஊர்ல நல்ல தயிர்னா உன் தயிர்தான்கிறாங்க. வாங்கிட்டு வரவான்னு கேட்டேன். தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டார். அந்த மனுஷனுக்கு உன் பேரைக் கேட்டாலே ஆகாது. அந்தப் பழைய கதைக்கு இவ்வளவு கோபம் ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டா, உனக்கென்னடி தெரியும்பார். நாளைக்கு மதியம் ஆஸ்பத்திரில புதுச் சமையற்கூடம் திறக்கிறாங்களாம். பழைய ஆளுங்கன்னு கூப்பிட்டு, இவருக்குக் கேடயம் குடுக்கிறாங்களாம். மேடையில வயிறு காலை வாரிடுமோன்னு பயந்து சாகுறார். தயிர் வேணாம், வேற ஏதாவது வழி சொல்லேன்."

மகள் உள்ளே பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

"நார்ப்பொடி வாங்கிக் குடுங்க அண்ணி. மருந்துக்கடையில இருக்கும். சூப்புல கலந்துடுங்க."

"எவ்வளவு?"

"ஒரு கரண்டி."

"கரண்டின்னா... குழம்புக் கரண்டியா?"

"அண்ணன் எங்களுக்குச் சொன்ன அளவு அதுதான். கொஞ்சம் கூடப் போனா இன்னும் நல்லதுன்னு அவரே சொல்லியிருக்கார். காலையில குடுத்துருங்க. மேடையில வயிறு பஞ்சு மாதிரி இருக்கும்."

அண்ணி புளிப்பக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லா இருப்பே" என்றாள். சந்து முனை திரும்புகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

"அம்மா" என்றாள் மகள்.

"என்ன?"

மகளுக்கு அளவு தெரியும். அதைப் பற்றிப் பரீட்சையே எழுதியிருக்கிறாள். ஓடிப்போய்ச் சந்து முனையில் அண்ணியை நிறுத்த ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் கரும்பலகையில் ஓடிய அந்த மனிதன் கண் முன்னால் வந்தான். "ஒண்ணுமில்ல" என்றாள். உள்ளுக்குள் இனித்தது. இனித்ததை அவள் பிற்பாடு மறைக்கப் பார்த்ததில்லை.

மறுநாள் இருவரும் இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனார்கள். அழைப்பு அவர்களுக்கும் இருந்தது. ஏனென்றால் பழைய டயட் மேடம் அதே ஆஸ்பத்திரிக்கு இப்போது தலைமை டயட்டீஷியனாகத் திரும்பி வந்திருந்தார். புளிப்பக்காவைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கூடம் அடையாளமே தெரியவில்லை. வழுக்காத தரை, பளபளக்கும் மேசைகள். பாய்லர் சுவர் மட்டும் அப்படியே இருந்தது. அதன் எதிரில் மேடை. பழைய ஆட்களெல்லாம் நாற்காலிகளில். மாமா ஊன்றுகோலோடு முதல் வரிசையில்.

கான்ட்ராக்டர் மடிப்புக் கலையாத சட்டையில் மேடையேறினார். புளிப்பக்கா கடைசி வரிசையில் உட்காராமல், நேராக முன்னால் போய் உட்கார்ந்தாள். மைக்கைப் பிடித்துக் கான்ட்ராக்டர் பேச ஆரம்பித்தார். "நாமெல்லாம் ஒரே..." என்றதும் அவர் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு நீண்ட உறுமல் எழுந்தது. மைக் அதைக் கூடம் முழுவதும் எடுத்துப் போனது. யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "...குடும்பம்" என்று முடித்தார். இன்னொன்று எழுந்தது. இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நெற்றி வியர்த்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்தார். கேடயம் கொடுக்க வந்தவர் கையை நீட்டியபடி நிற்க, அவர் முழங்கால் வலியையும் மறந்து படியிறங்கி ஓடினார். ஓடுகிறபோது வந்த சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை.

புளிப்பக்கா சிரிக்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்தது. அம்மாவின் முகம் அப்படி விரிந்து மகள் அதுவரை பார்த்ததில்லை.

அவர் வெளுத்துப்போய் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது டயட் மேடம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "என்ன சாப்பிட்டீங்க? தயிர் ஏதாவது?"

"தயிரா! தொட்டுப் பல வருஷமாச்சு. சூப்புதான். அதுல ஏதோ பொடி."

"என்ன பொடி?"

கூட வந்திருந்த அண்ணி முந்தானையைப் பிசைந்தாள். "நார்ப்பொடி மேடம். ஒரு கரண்டி."

"ஒரு கரண்டியா! முதல் தடவையேவா?"

அப்போதுதான் மாமா ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய பெண்களுக்கெல்லாம் எப்போதோ கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இனி அவரிடமிருந்து யாரும் பிடுங்க எதுவுமில்லை.

"அன்னைக்கும் இதேதான் மேடம்" என்றார் உரக்க. "ஆளுக்கு ஒரு கரண்டி. என் கையாலதான் கலந்தேன். கலக்கச் சொன்னவர் இவரு. பழி விழுந்தது அதோ, அந்தப் பொண்ணு மேல. தயிர்ல ஒரு குறையும் இல்ல."

எல்லாத் தலைகளும் புளிப்பக்கா பக்கம் திரும்பின. பாத்திரம் கழுவிய பெண்கள், தட்டு வண்டி தள்ளியவர்கள், அன்றைக்குத் தலை குனிந்து நின்ற அத்தனை பேரும். ஒருத்தி வந்து அவள் கையைப் பிடித்தாள். "அப்பவே எங்களுக்குத் தெரியும்கா" என்றாள். புளிப்பக்கா எழுந்து கான்ட்ராக்டருக்கு எதிரில் போய் நின்றாள்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. தயிரா, பொடியா?"

அவருக்கு வயிறு மறுபடி முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "பொடிதான்" என்றார். "பொடிதான், போதுமா?"

அவ்வளவுதான். அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. அதே கூடம். அதே ஆட்கள். மகளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. அவமானத்தை யார் தலையிலாவது இறக்கிவைத்தாக வேண்டும். இந்த முறை பார்வை வெகுதூரம் போகத் தேவைப்படவில்லை.

"எல்லாம் இவளால. ஒரு அளவு தெரியாது, அறிவு கிடையாது. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து என் உயிரை எடுக்கிறா. எவடி உனக்கு ஒரு கரண்டி போடச் சொன்னது?"

அண்ணி புளிப்பக்காவைப் பார்ப்பாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அண்ணி பார்க்கவில்லை. காட்டிக்கொடுக்கக் கூடாதென்று பார்க்காமல் இருந்தாளா, அப்படி ஒரு எண்ணமே அவளுக்கு வரவில்லையா, தெரியாது.

"யாரும் சொல்லல. நான்தான் யோசிக்காம அள்ளிப் போட்டுட்டேன்" என்றாள் தரையைப் பார்த்து.

புளிப்பக்கா வாயைத் திறந்தாள். மகள் நன்றாகப் பார்த்தாள், திறந்தாள். பத்து ஜோடிக் கண்கள் அவளை அப்போதுதான் முதல்முறையாக மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது உண்மையைச் சொன்னால் கையில் வந்த வெற்றி அதே சாக்கடையில் போகும். பார்த்தீங்களா, அன்னைக்கும் இவதான், இன்னைக்கும் இவதான் என்பார் அவர். திறந்த வாயை மூடிக்கொண்டாள். கான்ட்ராக்டர் மனைவியை இழுத்துக்கொண்டு வெளியே போவது வாசலின் புது ரப்பர் பட்டைகளின் இடைவெளியில் தெரிந்தது.

வார்டுகளுக்குத் தயிர் போடுகிற வேலை புளிப்பக்காவைத் தேடிவந்தது. அண்ணியும் கடைக்கு வர ஆரம்பித்தாள். புளிப்பக்கா தானாகவே அளவை மாற்றிச் சொன்னாள்: பாதித் தேக்கரண்டி, ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் கூட, தண்ணீர் நிறைய, கூடவே ஒரு கிண்ணம் தயிர். கான்ட்ராக்டர் இப்போது சத்தமில்லாமல் அந்தத் தயிரைச் சாப்பிட்டார். மெல்ல மெல்ல வயிறு வழிக்கு வந்தது. அண்ணி மட்டும் வழிக்கு வரவில்லை. உப்புப் போடுவதற்குக்கூட இப்போது இரண்டு முறை அளந்து பார்த்தாள். கடையில் நிற்கிறவர்களிடம் தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்வாள். "எனக்கு அளவே தெரியாது, தேக்கரண்டியைக் குழம்புக் கரண்டின்னு எடுத்துக்கிட்டேன். நல்லவேளை, நாத்தனார் இருக்கா, சொல்லிக்குடுக்கிறா. இல்லன்னா மனுஷனை நானே அனுப்பி வச்சிருப்பேன்."

அப்போதெல்லாம் புளிப்பக்கா அவளுக்குத் தயிரைக் கொஞ்சம் தாராளமாக அள்ளிப் போடுவாள். ஒருநாள் மகள் தாங்க முடியாமல், "சொல்லிடேம்மா" என்றாள்.

"சொல்லணும்."

"எப்ப?"

"அந்தாளு இன்னும் கொஞ்சம் படட்டும்டி."

"அவரா படுறார்?"

புளிப்பக்கா பால் கொதிக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.

ஒரு மழைக்காலத்தில், ஆஸ்பத்திரிக் கூடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு பாய்லர் சுவரில் சாய்ந்த புளிப்பக்கா எழுந்திருக்கவில்லை. மேலே மாடியில் அத்தனை டாக்டர்கள் இருந்தும் பயனில்லாமல் போனது. சடலத்தின் கால்மாட்டில் அண்ணி உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா மாதிரி என்னை யாரும் மன்னிச்சதில்ல. அன்னைக்கு மேடையில அவ்வளவு கூத்து நடந்தும், ஏன் இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல" என்றாள்.

உண்மை மகளின் நாக்கு நுனி வரை வந்தது. அது அம்மா சொல்லியிருக்க வேண்டியது. தான் சொன்னால் அது அம்மா சொன்னதாகுமா, இல்லை செத்தவளைக் காட்டிக்கொடுத்ததாகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வாசலிலிருந்து கான்ட்ராக்டர் அதட்டினார். "அழுதது போதும். எழுந்திரு. மாத்திரை நேரம் தெரியாதா? அதுக்கும் அளவு தெரியாதா உனக்கு?"

"தெரியாதுங்க" என்று சொல்லிக்கொண்டே அண்ணி அவசரமாக எழுந்தாள்.